வால்பாறைச் சாலையில் காத்திருந்த பொழுதுகள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளம். முதல் பகுதி தென்னந்தோப்புகளுக்கு நடுவே சமவெளியில் ஓடுகிறது. ஆழியாறு அணையைத் தாண்டியதும் ஏற்றம். அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எத்தனையாவது வளைவு என்று எழுதிய பலகை நிற்கிறது. மேலே சாலை தேயிலைத் தோட்டங்களுக்குள் புகுந்து, கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கும் வால்பாறை ஊரை அடைகிறது. ஊரைச் சுற்றித் தேயிலை. தேயிலையைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடு. காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே வேலி கிடையாது. ஆகவே இந்தச் சாலையில் எந்த நேரத்தில் எது குறுக்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பொள்ளாச்சியிலிருந்து மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று போடும் கணக்கு பாதி நாள்கள் தவறிப்போவதற்கும் அதுதான் காரணம்.

2010களின் நடுப்பகுதியில் ஓர் ஆயுத பூஜை விடுமுறையில், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று இடங்களிலும் பிரிந்து வாழ்ந்த ஒரே குடும்பத்தார் ஒரு வேனில் இந்த மலைக்குச் சென்றுவந்தார்கள். சென்னைக் குடும்பங்களுக்கு மலை என்றால் ஊட்டி, கொடைக்கானல், அதைவிட்டால் ஏற்காடு. வால்பாறையைத் தேர்ந்தெடுத்தவர் மயிலாப்பூரில் இருந்த பெரியப்பா. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்; பறவைகள், விலங்குகள் பற்றிய புத்தகங்களை அலமாரி நிறையச் சேர்த்து வைத்திருந்தவர். கொலு பொம்மைகளை எடுத்து வைக்காமல் ஊருக்குப் போவதா என்று தி. நகர் அத்தைக்கு மனமில்லை. விஜயதசமியன்று இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டுக் கிளம்புவது என்று முடிவானது. பூஜை போட்ட வண்டி, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமுமாக, பனகல் பூங்கா அருகே வந்து நின்றது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் புறப்பட்டது.

முதல் தாமதம் சென்னையை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே வந்தது. தொடர் விடுமுறை நாள்களில் தாம்பரம், பெருங்களத்தூர் தொடங்கிச் செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலை எப்படி இருக்கும் என்பது தென்சென்னைக்காரர்களுக்குத் தெரியும். வெளியூர் பேருந்துகளும் கார்களும் இருசக்கர வண்டிகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. பரனூர் சுங்கச்சாவடியைக் கடக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, சேலம், அவிநாசி என்று ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியில் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை; பெரும்பாலோர் தூங்கிவிட்டார்கள்.

விழித்திருந்தவர்களிடம் பெரியப்பா பேசியது மா. கிருஷ்ணனைப் பற்றி. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த பலருக்கே தெரியாத பெயர் அது. தமிழின் தொடக்க கால நாவலாசிரியர்களில் ஒருவரான அ. மாதவையாவின் கடைசி மகன், 1912-இல் பிறந்தவர். இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று அழைக்கப்படும் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் மாதவையா கட்டிய பெருங்குளம் இல்லத்தில் வாழ்ந்தவர். இந்தியக் கானுயிர் எழுத்திலும் ஒளிப்படத்திலும் முன்னோடி. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்து இயற்கை பற்றிய பத்தி எழுதினார். அவர் தமிழில் எழுதிய கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். முதுமலைக் காட்டில் யானைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் புகழ்பெற்றவை. விலங்கைத் துரத்திப் போகாமல், அது தன் போக்கில் இருக்கும்போது பார்க்கும் வழக்கம் அந்தப் படங்களில் தெரியும். மயிலாப்பூர் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் காக்கையையும் அணிலையும் கவனித்த அதே கண்தான் காட்டு யானையையும் கவனித்தது.

அடையாறு வீட்டுப் பிள்ளைகளுக்கு விலங்குகளைக் கவனிப்பது புதிதல்ல. கிண்டி தேசியப் பூங்காவும் ஐ.ஐ.டி. வளாகமும் அவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்தன. புள்ளிமானையும் வெளிமானையும் ஊருக்கு நடுவில் பார்க்கக்கூடிய பெருநகரம் இந்தியாவில் வேறு எத்தனை இருக்கும்? மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத கிண்டிக் காடு 1978-இல் தேசியப் பூங்காவானது. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொஸைட்டி தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். எனவே பிள்ளைகள் கையில் பைனாகுலர் இருந்தது. எதைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலும் இருந்தது. வரையாடு, சிங்கவால் குரங்கு, இருவாட்சி, யானை.

ஆழியாறு சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும்போது காலை முழுதாக விடிந்து வெயில் ஏறியிருந்தது. வனத்துறையினர் பைகளைத் திறந்து பார்த்து பிளாஸ்டிக் பைகளையும் பாட்டில்களையும் தனியே எடுத்து வைத்தார்கள். வரிசை நீளம். வரிசை நகரும் வரை மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் வேனுக்குள்ளேயே காலை உணவாயின. தூரத்தில் அணையின் நீர்ப்பரப்பு; அதற்குப் பின்னால் சுவர் எழுந்து நிற்பதுபோல் மலை. காமராஜர் ஆட்சிக் காலத்தில் வேலை தொடங்கிய பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் அணை இது. மேற்கே ஓட வேண்டிய மலையாறுகளின் நீரைச் சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திருப்பிக் கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்குத் தருகிற திட்டம். பொள்ளாச்சியின் பசுமைக்குப் பின்னால் இந்த மலையின் மழை இருக்கிறது.

ஏற்றம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகளுக்குக் குமட்டல். நாரத்தங்காய் ஊறுகாய் கைமாறியது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. அன்று கீழே இறங்கிய கார் ஒன்று அதை மறந்து வளைவுக்குள் மூக்கை நீட்டிவிட்டது. எதிரே ஏறிய அரசுப் பேருந்து திரும்ப முடியாமல் நின்றது. அதன் பின்னால் தேயிலைத் தோட்டத்துக்குச் சாமான் ஏற்றிய லாரி. அதன் பின்னால் சென்னை வேன். ஒவ்வொரு வண்டியாகப் பின்வாங்கி வழி உண்டாக்க வெகுநேரம் பிடித்தது. வேனின் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

“இறங்கிக் காத்து வாங்குங்க சார். ஆனா ரோட்டோரமா நில்லுங்க,” என்றார்.

வரையாடுகள் கண்ணில் பட்டது அப்போதுதான். ஒன்பதாவது வளைவுக்கு அருகே லோம்ஸ் காட்சிமுனை என்ற இடம் உண்டு. கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் தெரியும். வண்டிகளில் வருபவர்கள் எல்லாம் அங்கே நின்று படம் எடுப்பார்கள். சென்னைக் குழு நின்றது அந்த முனைக்குச் சற்று மேலே, கூட்டம் இல்லாத வளைவில். பாறைச் சரிவில் முதலில் தெரிந்தது ஒரு பெட்டை ஆடு. பிறகு அதன் குட்டி. கண் பழகியபின் சரிவு முழுக்க ஆடுகள் இருப்பது புரிந்தது. பாறையின் நிறமும் ஆட்டின் நிறமும் ஒன்றாக இருந்ததால் அசையாத ஆட்டைப் பார்க்க முடியவில்லை. முதிர்ந்த கிடா ஒன்று, முதுகில் சேணம் போட்டதுபோல் வெளுத்த திட்டோடு, எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. மனிதர் ஒருவர் ஏறினால் கால் வைக்க இடமிராத செங்குத்தில் குட்டி ஓடி விளையாடியது. வரையாட்டுக் குளம்பின் அடிப்புறம் மென்மையாகவும் விளிம்பு கடினமாகவும் இருப்பதால் அது பாறையைப் பற்றிக்கொள்கிறது. புலியோ செந்நாயோ துரத்தினால் ஆட்டுக்குப் பாறைதான் கோட்டை.

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாட்டுப் பகுதியிலும் கேரளப் பகுதியிலும் மட்டுமே வாழ்கிறது. தேயிலை, யூகலிப்டஸ், சீகை மரத் தோட்டங்கள் புல்வெளிகளை விழுங்கியதால் பல மலைகளிலிருந்து அது மறைந்துவிட்டது. தமிழ்நாடு அரசு வரையாட்டுக்கென்று தனித் திட்டத்தை 2023-இல் தொடங்கியது. அந்த விலங்கை எழுபதுகளிலேயே ஆராய்ந்து எழுதிய இ.ஆர்.சி. தாவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2024-இல் நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாகத் தெரிந்தது. ஒரு மாநிலத்தின் அடையாளமாக நிற்கும் விலங்கின் தொகை, அந்த மாநிலத்தில், மயிலாப்பூரின் ஒரு தெருவில் வாழும் மக்களைவிட அதிகமில்லை.

நெரிசல் இல்லாமல் வண்டி நேராக ஏறியிருந்தால் அந்தச் சரிவை யாரும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

அட்டகட்டிப் பகுதிக்குப் பிறகு காட்டின் தோற்றம் மாறுகிறது. மரங்கள் உயர்கின்றன; பாசியும் பெரணியும் சாலையோரச் சுவர்களை மூடியிருக்கின்றன. பிறகு சட்டென்று காடு முடிந்து தேயிலை தொடங்குகிறது. கவர்க்கல் பகுதியில் எப்போதும் பனிமூட்டம். முகப்பு விளக்கு போட்டாலும் பத்தடிக்கு மேல் தெரியாது. டிரைவர் நடைவேகத்தில்தான் ஓட்டினார். அங்கே சாலையோரத்தில் கார்வர் மார்ஷின் சிலை நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மலையில் தோட்டங்களை உருவாக்கிய வெள்ளைக்காரர்களில் முக்கியமானவர். ஆனைமலையின் தந்தை என்று தோட்ட முதலாளிகள் அவரைக் கொண்டாடினார்கள். காட்டை வெட்டி, தேயிலை நட்டு, இந்தச் சாலைக்குக் கல் சுமந்தவர்களுக்குச் சிலை இல்லை. திருநெல்வேலி, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துவந்த ஏழைக் குடும்பங்கள் அவர்கள். மலேரியாவிலும் அட்டைக்கடியிலும் குளிரிலும் எத்தனையோ பேர் மடிந்தார்கள். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் அந்த வாழ்க்கையை ஆங்கில நாவலாக எழுதினார், 1969-இல் வெளியானது. இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். 2013-இல் வந்த ‘பரதேசி’ திரைப்படத்துக்கு அடிப்படை இந்த நாவல். வேனில் இருந்த பிள்ளைகள் பச்சைப் பாய் விரித்ததுபோல் இருக்கிறது என்று தேயிலைச் சரிவைப் படம் எடுத்தபோது, பெரியப்பா இந்தக் கதையைச் சொன்னார். அழகைப் பார்ப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். அது நியாயமானது.

ஊருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் முன்னால் புதுத்தோட்டம் எஸ்டேட். சாலையின் இருபுறமும் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான காட்டுத் துண்டு. நாலாபக்கமும் தேயிலையும் காப்பியும் வீடுகளும். அந்தத் துண்டில்தான் சிங்கவால் குரங்குகள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்தக் குரங்கு, இயல்பில் மரத்தை விட்டு இறங்காதது. வெடிப்பலா போன்ற மரங்களின் பழத்தையும் பூவையும் தின்று உச்சிக் கிளைகளிலேயே வாழ்நாளைக் கழிப்பது. புதுத்தோட்டத்தில் காடு துண்டுபட்டதால் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கப் பழகிவிட்டது. வண்டிகளில் அடிபட்டுச் சாவதும் நேர்ந்தது. அதைத் தடுக்கவே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். குரங்குகள் சாலையைக் கடக்கும் வேளையில் வண்டிகளை நிறுத்தக் காவலர்களும் நிற்கிறார்கள்.

சென்னை வேனையும் ஒரு காவலர் கைகாட்டி நிறுத்தினார். முதலில் பெரிய ஆண் குரங்கு தரைவழியே கடந்தது. குட்டியை வயிற்றில் சுமந்த தாய்கள் தொங்குபாலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எதிர்ப்புறம் நின்ற காரிலிருந்து யாரோ வாழைப்பழத்தை நீட்டினார்கள். காவலர் ஓடிப்போய்த் தடுத்தார். தீனி கிடைத்துப் பழகிய குரங்கு, வண்டிச் சத்தம் கேட்டாலே சாலைக்கு வரும்; அடுத்து வருகிற வண்டி நிற்காது. அவர் திட்டவில்லை, இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

யானையைப் பார்த்தது மறுநாள் மாலையில். சோலையாறு அணைப் பக்கம் போய்விட்டு வால்பாறைக்குத் திரும்புகிற வழி. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு திருப்பத்தில் பேருந்தும் இரண்டு ஜீப்புகளும் விளக்கை அணைத்துக்கொண்டு நின்றன. சற்றுத் தள்ளிக் கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. பேருந்திலிருந்து இறங்கி நின்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் வேனின் அருகே வந்தார்.

“ஆனை நிக்குதுங்க. ஹாரன் மட்டும் அடிச்சிராதீங்க. அதுவா போயிரும்.”

அந்தச் சிவப்பு விளக்குக்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு உண்டு. வால்பாறைப் பீடபூமியில் யானைகள் பகலில் காட்டுத் துண்டுகளிலும் ஆற்றோர மரக்கூட்டங்களிலும் ஒதுங்கியிருந்து, இருட்டியபின் தேயிலை வழியாக இடம் மாறுகின்றன. அதே நேரத்தில்தான் வேலை முடிந்த மக்கள் கடைக்கும் வீட்டுக்கும் நடக்கிறார்கள். இங்கே யானையால் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை, யானை இருப்பது தெரியாமல் மனிதர் அதன் அருகே போனதால் நேர்ந்தவை. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்து, எளிய வழி ஒன்றை வனத்துறையோடும் தோட்ட நிர்வாகங்களோடும் சேர்ந்து செய்தார்கள். யானை எங்கே நிற்கிறது என்ற செய்தி முதலில் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் ஓடியது. 2011 முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சென்றது. முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்குகள் வைக்கப்பட்டன; பதிவு செய்துகொண்ட உள்ளூர்க்காரர்களே கைப்பேசி வழியாக அவற்றை எரியவிடலாம். விளக்கு எரிந்தால் அக்கம்பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். இத்திட்டத்தை முன்னின்று நடத்திய எம். ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. யானையை விரட்டாமல், மனிதருக்கு முன்கூட்டித் தெரியப்படுத்தியே உயிர்களைக் காக்கலாம் என்று இந்த மலை காட்டியிருக்கிறது. கானுயிர்ப் பாதுகாப்பில் தமிழ்நாடு பெருமைப்படத்தக்க வேலைகளில் இதற்கு முன்வரிசை இடம் தர வேண்டும்.

தேயிலைச் செடிகளுக்கு மேலே முதலில் முதுகுகள் மட்டும் தெரிந்தன. பெண் யானைகள், நடுவில் குட்டி. அவசரம் எதுவும் இல்லை. ஒன்று செடிகளுக்கு நடுவே இருந்த புல்லைப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறித் தின்றது. வேனில் தி. நகர் அத்தை கைகூப்பியபடி உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பேசவே இல்லை. இருட்டும் வரை யாரும் நகரவில்லை. யானைகள் சாலையைக் கடந்து கீழ்ச்சரிவில் இறங்கி, பேருந்து முதலில் கிளம்பி, பின்னால் மற்ற வண்டிகள் கிளம்பியபோது லாட்ஜில் இரவுச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது.

திரும்பும் நாள் காலையில் இரவு முழுக்கப் பெய்த மழையில் அட்டகட்டிக்கு மேலே மரம் ஒன்று சாலையின் குறுக்கே விழுந்துவிட்டது. நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் ரம்பத்தோடு கீழேயிருந்து வரவேண்டும். அவர்களுடைய வண்டியும் வரிசையில் மாட்டிக்கொண்டது. பேருந்துப் பயணிகள் இறங்கி, மரத்தைத் தாண்டி மறுபக்கப் பேருந்துக்கு நடந்தார்கள். வேன்காரர்களுக்கு அந்த வழியில்லை. கடுங்காப்பி விற்கும் கடைகூட அருகில் இல்லை. தயிர்சாதம் மதியத்துக்கு முன்பே தீர்ந்தது.

அந்தக் காத்திருப்பில் காடு காதுக்கு வந்தது. ஓடையோரத்தில் சீகாரப் பூங்குருவி மனிதர் விசிலடிப்பதுபோலப் பாடியது. மலையணில் ஒன்று கிளைவிட்டுக் கிளை தாவியது. கருமந்திகளின் உறுமல் பள்ளத்தாக்கின் மறுபுறத்திலிருந்து எதிரொலித்தது. பிறகு தலைக்கு மேலே, வேகமாகப் புடவையை உதறுவதுபோன்ற ஓசை. மலை இருவாட்சி இரண்டு, மஞ்சள் அலகும் கறுப்பு வெள்ளைச் சிறகுமாக, சாலையைக் கடந்து எதிர்மரத்தில் அமர்ந்தன. பெரிய பொந்துள்ள முதிய மரங்கள் இல்லாவிட்டால் இருவாட்சிக்குக் கூடு இல்லை. பெண் பறவை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிட, ஆண் பறவை வாரக்கணக்கில் சிறு துவாரம் வழியே பழம் ஊட்டுகிறது. தின்ற பழங்களின் விதைகளைக் காடெங்கும் போட்டு, அடுத்த தலைமுறை மரங்களையும் அது வளர்க்கிறது. பெரியப்பா பைனாகுலரைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வெறுங்கண்ணாலேயே பார்த்துக்கொண்டு நின்றார். பட்டியலில் கடைசியாக மிஞ்சியிருந்தது இருவாட்சிதான்.

பிற்பகலில் வழி திறந்தது. கீழே இறங்கிப் பொள்ளாச்சியைத் தொட மாலையாயிற்று. விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பும் கூட்டத்தில் கலந்து, மறுநாள் முற்பகலில்தான் வேன் அடையாறு பாலத்தைத் தாண்டியது. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் அன்று யாரும் போகவில்லை.

அதன் பிறகு மலைகளுக்குப் போகும் வண்டிகள் பெருகிவிட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. சென்னையிலிருந்து செல்வோர் கிளம்புமுன் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆழியாறு சாவடியைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. பொழுது சாய்ந்தபின் மலையேறுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. இறங்கும் நாளன்றே கோவையில் ரயிலோ விமானமோ பிடிக்கத் திட்டமிடக் கூடாது. குறைந்தது அரை நாளாவது கையில் இருக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருக்க வேண்டும். புதுத்தோட்டத்தில் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து செல்லுங்கள். சிங்கவால் குரங்குக்கு ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்காதீர்கள்.